வட்டிக்கடைப் பேரேடுகளுக்கு மின்பதிப்பு: எதிலிருந்து தொடங்குவது?

தேவகோட்டையான்:
தேவகோட்டை வீடொன்றில் ரங்கூன் வட்டிக்கடைக் கணக்குகள் உள்ளன. பேரேடு 11, சிட்டை (அன்றாடக் குறிப்பேடு) 6, ஐந்தொகைத் (இருப்புநிலைக் கணக்கு) தாள்கள் ஒரு கட்டு. 1912 முதல் 1934 வரை. படம் பிடித்துப் பிடிஎஃப் ஆக்கினால் பார்க்கலாம், தேட முடியாது. ஆய்வாளர் நம்பி மேற்கோள் காட்டும் பதிப்பாக வர வேண்டும். படியெடுப்பை எந்த வடிவில் வைப்பது, பழைய எண்களை என்ன செய்வது, பதினைந்து வருஷம் கழித்தும் திறக்க என்ன வழி?

ஏடும் எழுத்தும்:
அண்ணே, தட்டச்சுக்கு முன்னால் விதித்தாள் ஒன்று எழுதிவிடுங்கள். கணக்குப்பிள்ளை புள்ளி வைக்காத மெய்யை உள்ளபடி விடுவதா, புள்ளி வைத்துப் படிப்பதா? எ, ஏ வேறுபாடு காட்டாத இடத்தில் என்ன செய்வது? ரகரமும் காலும் ஒன்றாகவே தெரிகிற இடம்? இதை முதலிலேயே முடிவு செய்யாமல் இரண்டு பேர் தட்டச்சு செய்தால், ஒருவர் திருத்துவார், மற்றவர் திருத்தமாட்டார். பாதிப் பேரேட்டில் ஒரு பெயர் தேடலில் கிடைக்கும், மீதிப் பாதியில் கிடைக்காது. இந்தப் பிழையைப் பின்னால் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

படம் 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி), தரம் குறையாத டிஃப் கோப்பு. பிளாஷ் வேண்டாம், முகப்பில் நேர்வெயில் படாத வெளிச்சம் போதும். வெற்றுப் பக்கத்தையும் எடுங்கள், விட்டால் பக்க எண் நழுவும். கோப்புப் பெயரில் 147 என்றில்லாமல் 0147 என்று போடுங்கள், இல்லாவிட்டால் வரிசை குலையும்.

படியெடுப்புக்கு வடிவம் டிஇஐ எக்ஸ்எம்எல், அதாவது மின்பதிப்புகளுக்கென்று வகுத்த குறியீட்டு முறை. சொல்லைச் சுற்றி, அது என்ன வகை என்று சொல்லும் ‘டேக்’ என்ற குறியைப் போடுவோம். ஏட்டில் இருப்பதும் நாம் சொல்வதும் தனித்தனியாக நிற்க அதில்தான் இடமிருக்கிறது. சுருக்கெழுத்தை ‘அப்ர்’ டேக்கிலும் அதன் விரிவை ‘எக்ஸ்பான்’ டேக்கிலும் வைத்து இரண்டையும் ‘சாய்ஸ்’ டேக்குக்குள் அடக்கலாம். ஐயத்தோடு படித்தது ‘அன்க்ளியர்’, செல்லரித்துப் போனது ‘கேப்’, நாம் ஊகித்து நிரப்பியது ‘சப்ளைட்’. இந்த மூன்றையும் ஒரே சதுர அடைப்புக்குள் போடும் பழக்கம் அச்சுப் பதிப்புகளில் உண்டு. தயவுசெய்து அதை இங்கே கொண்டுவராதீர்கள். எது கணக்குப்பிள்ளை சொல், எது பதிப்பாசிரியர் சொல் என்று வாசிப்பவருக்குத் தெரியாமல் போய்விடும்.

டிரான்ஸ்கிரிபஸ் போன்ற கையெழுத்து வாசிப்பு மென்பொருளைப் பயிற்றுவிக்க 5,000 முதல் 15,000 சொல் வரை கையால் படியெடுத்துத் தர வேண்டும். ஒரே கை பல பேரேடுகளை எழுதியிருந்தால் பலன் உண்டு.

கணக்குப்பிள்ளை பேத்தி:
எண்களைப் பற்றி ஏடும் எழுத்தும் ஐயா தொடவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். பேரேட்டில் அதிகம் கெடுவது அங்கேதான். ௧ என்ற எண்ணுக்குப் பதில் க எழுத்தையும், ௭க்கு எ, ௮க்கு அ, ௰க்கு ய என்றும் தட்டச்சு செய்துவிடுவார்கள். திரையில் வித்தியாசமே தெரியாது, கூட்டிப் பார்க்கும்போது கணினி அதை எண்ணாகவே எடுத்துக்கொள்ளாது. ௲௯௱௨௰௩ என்று இருந்தால் அப்படியே எழுதி, டேக்கின் மதிப்பில் 1923 என்று கொடுங்கள். பற்று ௶, வரவு ௷, மேற்படி ௸, ரூபாய் ௹ எல்லாம் யூனிகோடில் (கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரம்) இருக்கின்றன. முந்திரி, காணி, மா போன்ற பின்னக் குறிகள் 2019இல் 12.0 பதிப்பில்தான் வந்தன. பழைய எழுத்துருவில் அவை வெறும் கட்டமாகத் தெரியும். நோட்டோவின் தமிழ்த் துணை எழுத்துருவை நிறுவுங்கள்.

ரூபாய்க் கணக்கில் மாகாணி என்றால் 1/16, அதாவது ஓர் அணா, அரைக்கால் இரண்டணா. ரூபாய்க்கு 192 பை (அணாவுக்கு 12) என்று எல்லாத் தொகையையும் பையாக்கி டேக்கின் மதிப்பில் வைத்துவிட்டால், பக்கக் கூட்டுத்தொகையே மெய்ப்புப் பார்த்துவிடும். கூட்டு இடித்தால் நம் வாசிப்பு தவறு, அல்லது கணக்குப்பிள்ளை தவறு. அவர் தவறென்று தெரிந்தாலும் மூலத்தைத் திருத்தக் கூடாது, குறிப்பு மட்டும் எழுத வேண்டும்.

தேதி: துந்துபி வருஷம் 1922இலும் வரும், 1862இலும் வரும். மார்கழிப் பிற்பாதி முதல் பங்குனி வரை ஆங்கில ஆண்டு ஒன்று கூடிவிடும், இதை மறந்து பல தேதிகள் ஓராண்டு பின்னால் போயிருக்கின்றன. விலாசத்துக்கும் (கடையைக் குறிக்கும் தலைப்பெழுத்துகள்) தனிப் பட்டியல் வையுங்கள். ஒரே கடை ஓரிடத்தில் நாலு தலைப்பெழுத்தோடும் இன்னோரிடத்தில் மூன்றோடும் வரும். ஒவ்வொரு கடைக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, ஐயம் உள்ள இடத்தில் இரண்டையும் ஒன்றாக்காமல் விட்டுவிடுங்கள். பிறகு சேர்ப்பது எளிது, பிரிப்பது கஷ்டம்.

தேவகோட்டையான்:
நன்றி ஆச்சி. ஏற்கெனவே ஒரு பேரேடு தட்டச்சாகியிருக்கிறது. ‘கொ’ என்று தேடினால் சில இடங்களில் கிடைக்கவில்லை, கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோல்தான் இருக்கிறது.

பள்ளத்தூர்ப் பதிவர்:
அந்த ஒகரக் குறியைச் சிலர் ஒரே குறியாகவும், சிலர் எகரக் கொம்பும் காலும் சேர்த்தும் அடித்திருப்பார்கள். எல்லாக் கோப்புகளையும் என்எஃப்சி இயல்புநிலைக்கு (ஒரே எழுத்தை எங்கும் ஒரே குறியீட்டில் வைக்கும் யூனிகோடு முறை) மாற்றினால் சரியாகும். ஆனால் ‘ஔ’வுக்குப் பதில் ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்ததை அது சரிசெய்யாது, தனியாகத் தேடித் திருத்துங்கள்.

பாதுகாப்புக்கு வருகிறேன். இணையதளம் வேறு, பதிப்பு வேறு. தரவுத்தளமும் மென்பொருளும் வைத்துக் கட்டிய தளம், பராமரிக்க ஆளில்லாத நாளில் நின்றுவிடும். எக்ஸ்எம்எல் கோப்புகளிலிருந்து எக்ஸ்எஸ்எல்டி என்ற மாற்று மொழியைக் கொண்டு வெறும் எச்டிஎம்எல் பக்கங்கள் உருவாக்குங்கள், அவற்றை எந்தச் சர்வரிலும் போடலாம். திருத்த வரலாறு ‘கிட்’ என்ற மாற்றப் பதிவு மென்பொருளில் இருக்கட்டும். ஒவ்வொரு வெளியீட்டையும் செனோடோ என்ற ஆய்வுத் தரவுக் களஞ்சியத்தில் ஏற்றினால் பதிப்புக்குத் தனி டிஓஐ (மேற்கோளுக்கான நிலையான அடையாள எண்) கிடைக்கும், 1.0ஐ மேற்கோள் காட்டியவருக்கு 1.1 வந்த பின்பும் 1.0 கிடைக்க வேண்டும். டிஃப் படங்களோடு, கோப்பு மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் ஷா-256 சரிபார்ப்புப் பட்டியல் வைத்து, மூன்று பிரதிகளில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். வருஷம் ஒருமுறை அந்தப் பட்டியலை ஓட்டிப் பார்க்க ஆள் குறியுங்கள், குறிக்காவிட்டால் யாரும் ஓட்டமாட்டார்கள்.

மூல ஏடுகளை மறக்காதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையாவின் தொகுப்பு, அவர் 1992இல் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதால் இன்று சென்னையில் நூலகமாக நிற்கிறது. மின்பதிப்பு முடிந்ததும் ஏட்டைப் பழைய கடைக்குப் போடுவோர் நம் ஊரிலேயே உண்டு, அது கூடவே கூடாது. ஐயம் வரும்போது திரும்பிப் பார்க்க ஏடு வேண்டும்.

இன்னொன்று: பேரேட்டில் கடன்பட்டவர் பெயர்கள் இருக்கும். பங்காளிகள் எல்லோரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்கி, எந்த உரிமத்தில் வெளியிடுகிறீர்கள் என்பதைக் கோப்பின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். முதலில் ஒரு பேரேட்டில் 20 பக்கம் மட்டும் முழுதாக முடித்து இங்கே போடுங்கள், விதித்தாளில் ஓட்டை எங்கே என்று பார்த்துச் சொல்கிறோம்.