டர்பனில் இருந்துகொண்டே தமிழ்த் திரைக்கதை எழுத வழியுண்டா?

டர்பன்வாசி:
அனைவருக்கும் வணக்கம். நான் பல ஆண்டுகளாகக் குடும்பத்தோடு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வசித்து, நிரந்தர வசிப்புரிமையும் பெற்றுவிட்டேன். துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். இரவுகளில் உட்கார்ந்து எழுதிய ஒரு முழுநீளத் திரைக்கதை கையில் இருக்கிறது. இந்த ஊரில் இந்திய வம்சாவளியினர் மிகுந்த சாட்ஸ்வொர்த் பகுதியில் மூன்று தலைமுறையாக வாழும் ஒரு குடும்பத்தில், ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதற்கு முந்தைய ஒரு வாரத்தில் நடப்பதே கதை. முதல் காட்சியை இங்கே இணைத்திருக்கிறேன். வேலையை விட்டுவிட்டுச் சென்னையில் உதவி இயக்குநராகச் சேரும் வயதும் வசதியும் எனக்கு இல்லை. தயாரிப்பு நிறுவனங்கள் சிலவற்றுக்கு மின்னஞ்சலில் அனுப்பியும் ஒரு பதிலும் வரவில்லை. இந்த ஊரை விட்டு நகராமல் இதைத் தொழிலாகக் கொள்ள முடியுமா? அனுப்பும் கதை களவு போகாமல் காத்துக்கொள்வது எப்படி?

வடபழனிக்காரன்:
பதில் வராததற்குத் தங்கள் எழுத்தைக் காரணமாக நினைக்க வேண்டாம். தமிழ்ப் படவுலகில் திரைக்கதையைப் படிக்கிறவர்களைவிடக் கேட்கிறவர்களே அதிகம். பெரும்பாலான படங்களில் இயக்குநர்தான் எழுத்தாளரும். அவர் தயாரிப்பாளரிடமும் நாயகனிடமும் இரண்டு மணி நேரம் கதை சொல்லி, அவர்கள் தலையாட்டிய பிறகே பவுண்டட் ஸ்கிரிப்ட், அதாவது முழுதும் எழுதிக் கட்டிய திரைக்கதைப் பிரதி, என்ற பேச்சு எழும். அறிமுகமில்லாதவர் அனுப்பிய நூற்றுச் சொச்சப் பக்கக் கோப்பைத் திறந்து பார்ப்பதற்கென்று பல அலுவலகங்களில் ஆளே கிடையாது. ஆகவே தயாரிப்பாளரைத் தேடுவதை விட்டுவிட்டு, இந்தக் கதையைத் தன் படமாக நினைத்துச் சொல்லக்கூடிய ஓர் இயக்குநரைத் தேடுங்கள். நல்ல குறும்படம் ஒன்றை எடுத்து முடித்து, முதல் படத்துக்குக் கதை தேடிக்கொண்டிருக்கும் இளைஞர்களே அதற்கு ஏற்றவர்கள். அவர்களுக்கு முதலில் ஒருபக்கச் சுருக்கம் மட்டும் அனுப்புங்கள்; பிடித்தால் காணொளி அழைப்பில் கதை கேட்பார்கள். எங்கள் ஆட்களுக்கு இரவு பதினொரு மணிக்குத்தான் நிதானமாகப் பேச நேரம் வாய்க்கும். அப்போது அங்கே ஏழரைதான் ஆகியிருக்கும் என்பது தங்களுக்கு ஒரு சௌகரியம்.

தூரத்திலிருந்து எழுதியவர்கள் என்றதும் பெங்களூரில் வேலை பார்த்தபடியே படங்களுக்கு எழுதிய சுஜாதாவையும், நாகர்கோவிலில் இருந்து எழுதும் ஜெயமோகனையும் சொல்வார்கள். அவர்கள் சினிமாவைத் தேடிப் போவதற்கு முன்பே வாசகர்கள் அவர்களை அறிந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தங்களுக்கு நெருக்கமான உதாரணம் வேறு: கோவையில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார் தன் அனுபவத்தை 'லாக்கப்' என்ற நூலாக எழுதினார். அதை வெற்றிமாறன் 'விசாரணை'யாக எடுத்தார். இந்தக் கதையைக் குறுநாவலாக எழுதி ஓர் இதழிலோ பதிப்பகத்திலோ கொண்டுவந்துவிட்டால், தாங்கள் போக முடியாத அறைகளுக்கு அது போகும். நல்ல கதை தேடிப் புத்தகம் படிக்கும் இயக்குநர்கள் கோடம்பாக்கத்தில் குறைவுதான் என்றாலும் இருக்கிறார்கள்.

சட்டம் படித்தவன்:
களவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் படைப்பாளிகளின் உரிமையை நாடுகள் ஒன்றுக்கொன்று மதிப்பதற்கான பெர்ன் உடன்படிக்கையில் இருப்பதால், எழுதி முடித்த பிரதிக்குப் பதிவு செய்யாமலே இரண்டு நாட்டிலும் பதிப்புரிமை உண்டு. ஆனால் வெறும் கருவுக்கு அந்தக் காப்பு கிடையாது. எழுதப்பட்ட வடிவத்துக்கே உண்டு என்பதை 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. எனவே ஒருவரிக் கதையை மட்டும் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்வது ஆபத்து. காட்சி வாரியாக எழுதி, தேதியோடு பதிந்து வைத்திருப்பது பலம். சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் கதையைப் பதியும் வழக்கம் உண்டு. 2018-இல் 'சர்கார்' கதை குறித்துத் தகராறு வந்தபோது, வருண் ராஜேந்திரன் முன்பே அங்கே பதிந்து வைத்திருந்த 'செங்கோல்' கதைதான் அவருக்குக் கைகொடுத்தது. யாரிடம், எந்தத் தேதியில், எந்தப் பிரதியைக் கொடுத்தீர்கள் என்பதற்கு மின்னஞ்சலே சாட்சியாகும். வாட்ஸ்அப் குரல்பதிவில் கதை சொல்வதைத் தவிர்த்துவிடுங்கள்.

ஃபீனிக்ஸ் அக்கா:
தம்பி, சென்னையையே பார்த்துக்கொண்டு நம் வாசலில் நடப்பதை விட்டுவிட்டீர்களே என்று தோன்றுகிறது. டர்பன் சர்வதேசத் திரைப்பட விழா 1979 முதல் நடக்கிறது. அதையொட்டி 2010-இல் தொடங்கிய டர்பன் ஃபிலிம்மார்ட்டில், இன்னும் எடுக்கப்படாத படங்களை முன்வைத்துப் பங்காளிகளையும் பணத்தையும் தேடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் தேசியத் திரைப்பட, காணொளி அறக்கட்டளை திரைக்கதையை வளர்த்தெடுக்கவே நிதி தருகிறது. விண்ணப்ப விதிகளை முதலில் நிதானமாகப் படியுங்கள். சாட்ஸ்வொர்த் குடும்பங்களை வைத்து 2017-இல் ஜெயன் மூட்லி எடுத்த 'கீப்பிங் அப் வித் த கந்தசாமிஸ்' இங்கே நன்றாக ஓடி, அடுத்தடுத்த பாகங்களும் வந்தன. அந்தப் படம் ஆங்கிலத்தில் பேசியது என்பதைக் கவனியுங்கள்.

தங்கள் முதல் காட்சியைப் படித்தேன். கூழ்ப் பானைக்கு மஞ்சள் பூசிக்கொண்டே பாட்டி பேத்தியைத் திட்டும் இடம் உயிரோடு இருக்கிறது. ஆனால் பாட்டி மதுரையிலிருந்து நேற்று வந்து இறங்கியவர் போலப் பேசுகிறார். சாட்ஸ்வொர்த்தில் பிறந்த பாட்டி ஆங்கிலத்தில் திட்டுவார். உறவுமுறையும் சாமி பெயரும் சமையல் சாமானும்தான் தமிழில் வரும். கோபம் முற்றினால் ஒரு ஜூலு மொழிச் சொல்லும் விழும். இதை இந்த ஊர்க்காரர்கள் முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

டர்பன்வாசி:
அக்கா சொல்வது சரி. ஆனால் எல்லோரும் ஆங்கிலத்தில் பேசினால் அதைத் தமிழ்ப்படமாக யார் எடுப்பார்கள்?

ஃபீனிக்ஸ் அக்கா:
தமிழ்நாட்டிலிருந்து ஒரு விருந்தாளியைக் கொண்டுவாருங்கள்: கோயில் திருவிழாவுக்கு அழைக்கப்பட்ட நாதஸ்வரக்காரர், அல்லது அந்த வீட்டில் தங்கும் ஓர் இளம் குருக்கள். அவருக்காக எல்லோரும் தங்களுக்குத் தெரிந்த தமிழைத் தேடிப் பேச வேண்டியிருக்கும். பாட்டிக்கும் பேத்திக்கும் தெரிந்த தமிழின் அளவு வேறுபடுவதே பாதி நாடகத்தைத் தந்துவிடும்.

வடபழனிக்காரன்:
நல்ல யோசனை. ஒன்றை மட்டும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த நாதஸ்வரக்காரர் வந்தவுடனே இங்கே கதை கேட்பவர்கள் அவரை நாயகனாக்கி, பேத்தியைக் காதலியாக்கி, பாட்டியை இரண்டு காட்சிக்குச் சுருக்கச் சொல்வார்கள். எதுவரை விட்டுக்கொடுப்பீர்கள் என்று கதை சொல்லப் போவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.