ஓட்டை மூடினால் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை: கடிபட்ட வெளிப்பூனையோடு எங்கள் அனுபவங்கள்

கும்பகோணத்திலிருந்து

எங்கள் கொல்லைக்கு மூன்று வருடமாக ஒரு கடுவன் பூனை வருகிறது. வீட்டுப் பூனை என்று சொல்ல முடியாது. சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வரும், துணி துவைக்கிற கல்லின்மேல் படுத்துக்கொள்ளும், சில நாள் தடவ விடும், சில நாள் கையை நீட்டினாலே நகர்ந்துவிடும். வெள்ளையன் என்று கூப்பிடுகிறோம். போன மார்கழியில் ஒரு ராத்திரி ஓட்டின்மேல் பயங்கரமான சண்டை. காலையில் வந்தவனைப் பார்த்தால் வாலடியில் இரண்டு சின்ன ஓட்டைகள், கடுகு அளவுதான் இருக்கும். ரத்தம் காய்ந்திருந்தது.

மாமியார் மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துக் கொடுத்தார், நான் தடவினேன். மறுநாளே பொருக்கு கட்டிவிட்டது. சரி, ஆறிவிட்டது என்று விட்டுவிட்டோம். நான் எழுத வந்ததே இந்த ஒரு இடத்துக்காகத்தான். பூனைக் கடியில் மேலே மூடிக்கொள்வது நல்ல அறிகுறி இல்லை. உள்ளே புரையோட ஆரம்பிப்பதே அதற்கப்புறம்தான்.

மூன்றாம் நாள் அவன் வரவில்லை. நான்காம் நாள் தேடிப் பார்த்தால் விறகு அடுக்குக்குப் பின்னால் சுருண்டு கிடந்தான். நெத்திலிக் கருவாட்டை மூக்கருகே கொண்டுபோனேன், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. காது அனலாகச் சுட்டது. வாலடியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம்.

பிடிப்பதுதான் பெரிய வேலை. பழைய கனமான துண்டை மேலே போர்த்தி, தலையையும் கால்களையும் சேர்த்துச் சுருட்டித் தூக்கினேன். தக்காளி ஏற்றுகிற பிளாஸ்டிக் டிரே இரண்டை ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்துக் கயிற்றால் கட்டி, அதற்குள் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் துண்டை எடுக்கவில்லை. இருட்டாக இருந்ததால் சத்தம் போடாமல் வந்தான்.

டாக்டர் பார்த்ததும், "மஞ்சள் வெச்சீங்களாம்மா?" என்றார். திட்டவில்லை, பொறுமையாக விளக்கினார். பூனையின் கோரைப்பல் ஊசி மாதிரி. தோலில் துளி ஓட்டை போட்டு, சதைக்குள் ஆழமாக இறங்கிவிடும். பூனைத் தோல் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிற தோல். கடித்த பூனையின் வாயிலிருந்த கிருமிகள் உள்ளே மாட்டிக்கொள்ளும். பாஸ்டுரெல்லா என்ற கிருமிதான் பெரும்பாலும் இருக்குமாம். இரண்டிலிருந்து நாலு நாளுக்குள் சீழ்க்கட்டியாகிவிடும். மஞ்சள் பற்று அந்த ஓட்டையை இன்னும் இறுக அடைத்துவிட்டது. காய்ச்சல் 104 டிகிரி பாரன்ஹீட். பூனைக்கு இயல்பாகவே நம்மைவிடச் சூடு அதிகம், 100.5 முதல் 102.5 வரை இருக்கலாம். இவனுக்கு அதையும் தாண்டிவிட்டது.

மயக்க ஊசி போட்டு, முடியை மழித்து, கட்டியின் அடிப்பக்கமாகக் கீறினார். வடிந்த சீழின் நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. பெரிய சிரிஞ்சில் சலைன் ஏற்றி, தெளிந்த தண்ணீர் வருகிற வரை உள்ளே கழுவினார். தைக்கவில்லை.

"தைக்க வேண்டாமா சார்?"

"தைச்சா மறுபடி உள்ளயே தேங்கிடும்மா. அடியிலேருந்து ஆறி மேல வரணும். நாலஞ்சு நாளைக்குப் புண்ணோட வாயை மூட விடாதீங்க."

அந்த நாட்களில் அவனைக் கொல்லைக் குளியலறையில் வைத்துக்கொண்டேன். மண் புண்ணில் ஒட்டும் என்பதால் கழிவுத் தட்டில் கிழித்த செய்தித்தாளைப் போட்டேன். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஒரு தேக்கரண்டி உப்பைத் தலைதட்டிப் போட்டு ஆறவைத்துக்கொள்வேன். வெதுவெதுப்பாக இருக்கும்போது சுத்தமான துணியை நனைத்து ஐந்து நிமிடம் புண்மேல் வைத்தால் பொருக்கு ஊறித் தானாகக் கழன்று வரும். காலை, மாலை இரண்டு வேளை. மருந்து அவர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக் சொட்டு. கசப்பு தாங்காமல் வாயெல்லாம் நுரை தள்ளினான், நான் பயந்துபோய் போன் செய்தேன். கசப்புக்குப் பூனைகள் அப்படித்தான் எச்சில் விடும் என்றார். அப்புறம் மருந்து கொடுத்த கையோடு வேகவைத்த மத்தி மீனைப் பிசைந்து ஊட்டினேன், அடங்கிவிட்டது. இரண்டாம் நாளே காய்ச்சல் தணிந்து நன்றாகச் சாப்பிட்டாலும் மருந்தை நடுவில் நிறுத்தவில்லை.

நக்காமல் இருக்க பழைய எக்ஸ்ரே பிலிமைக் கூம்பாகச் சுருட்டி, ஓரத்தில் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டிக் கழுத்தில் மாட்டினோம். முதல் நாள் பின்னாலேயே நடந்தான். பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் பூனை நாக்கு அரம் மாதிரி சொரசொரப்பு, நக்க விட்டால் புதுச் சதை வளரவே வளராது.

இதற்கு நடுவில் பக்கத்து வீட்டு அக்கா, காய்ச்சல்தானே, பாராசிட்டமால் அரை மாத்திரை கொடு என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். அந்த மருந்தைப் பூனையின் ஈரலால் கையாள முடியாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை இழந்து ஈறெல்லாம் பழுப்பாகிவிடும். ஒரே மாத்திரை உயிரை வாங்கிவிடும். தயவுசெய்து யாரும் கொடுக்காதீர்கள். டெட்டாலும் அப்படித்தான், புண்ணில் போட்டதைப் பூனை நக்கினால் விஷம். ஹைட்ரஜன் பெராக்சைடு பொங்கும்போது சுத்தமாகிற மாதிரி தெரியும், ஆனால் ஆறி வரும் சதையையும் சேர்த்து அரித்துவிடும்.

நாகர்கோவிலிலிருந்து

எங்கள் தெருப் பூனைக்குக் கழுத்தில் கடி. நாங்கள் கவனித்தபோது கட்டி தானாகவே உடைந்து, புழு வைத்துவிட்டது. ஆனி மாதம், மழையும் ஈரமும் ஈயும். ஈ முட்டையிட்டால் ஒரே நாளில்கூடப் புழு வந்துவிடும், அதனால் திறந்த புண் இருக்கிற பூனையை வெளியே விடாமல் கொசுவலைக்குள்ளாவது வைத்திருங்கள்.

அண்ணன் டர்பன்டைன் ஊற்றலாம், மாட்டுக்கு அப்படித்தான் செய்வோம் என்றான். அவன் சொன்னது மாட்டைப் பொறுத்தவரை சரியாக இருக்கலாம். பூனை தன் உடம்பில் பட்ட எதையும் நக்கியே தீரும், தோல் வழியாகவும் உள்ளே போகும். பினாயிலும் கூடாது. டாக்டர் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார், எழுபதுக்கு மேல் எண்ணினேன், அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். மூன்று நாள் தொடர்ந்து கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டது.

மேலே சொட்டு மருந்து பற்றி எழுதியிருந்தார்கள். எங்களுக்கு டாக்ஸிசைக்கிளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார்கள். அதை வெறுமனே விழுங்க வைக்கக் கூடாது, தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும். மாத்திரைக்குப் பின்னாலேயே ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீரை வாயோரமாக விடுங்கள்.

சென்னை, பெரம்பூரிலிருந்து

பூனையைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டீர்கள், நான் என் கையைப் பற்றி எழுதுகிறேன். காயம்பட்ட குட்டியைத் துண்டில்லாமல் தூக்கினேன், வலியில் கட்டைவிரல் அடியில் கடித்துவிட்டது. அதே கடுகு ஓட்டைதான். சாயங்காலத்துக்குள் மணிக்கட்டு வரை சிவந்து வீங்கி, விரலை மடக்க முடியவில்லை. பூனைக்குள் சீழ் வைக்கிற அதே கிருமி நம் கையிலும் அதையே செய்யும், அதுவும் வேகமாக.

ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், நாம் நினைப்பதைவிட அது நீண்ட நேரம். அப்புறம் அரசு மருத்துவமனை. வெறிநோய் நாயால் மட்டும் வருவது என்று நினைத்திருந்தேன், பூனைக்கடியிலும் வரும். எனக்குத் தோலுக்குள் போடுகிற தடுப்பூசி முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று போட்டார்கள். ரத்தம் வந்த கடி என்பதால் முதல் நாளே காயத்தைச் சுற்றியும் ஒரு ஊசி. எல்லாமே இலவசம். டிடி ஊசியும் ஆன்டிபயாடிக்கும் தனி. குட்டியைப் பத்து நாள் கண்காணிப்பில் வைத்திருந்தோம், நன்றாக இருந்தது, ஆனாலும் நான் ஒரு ஊசியையும் தவறவிடவில்லை.

கும்பகோணத்திலிருந்து மறுபடி

கையைப் பற்றி எழுதியதற்கு நன்றி, எனக்கு அது தோன்றவே இல்லை. வெள்ளையனின் புண் இரண்டே வாரத்தில் சதை மேலேறி மூடிவிட்டது. ஆறிய பிறகு அவனுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டோம். மாசியில் கருத்தடையும் செய்து, இடது காது நுனியில் அடையாள வெட்டோடு திரும்ப விட்டோம். கடுவன்கள் இத்தனை சண்டை போடுவதே இடத்துக்கும் பெட்டைக்கும்தான், அறுவைக்குப் பின் சில வாரத்தில் அந்த வேகம் குறையும் என்றார் டாக்டர். பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற எப்ஐவி என்ற வைரஸும் கடியால்தான் பெரும்பாலும் பரவுகிறது, கடித்த உடனே பரிசோதித்தால் தெரியாது, இரண்டு மாதமாவது போகவேண்டும். அதனால் பங்குனியில் கொண்டுபோய் ரத்தம் எடுத்தோம், இல்லை என்று வந்தது. அன்றைக்கு மாமியார் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்.

நேற்று ராத்திரி பல மாதத்துக்குப் பிறகு மறுபடியும் ஓட்டின்மேல் சத்தம். காலையில் அவன் கல்லின்மேல் வந்து படுத்ததும் முடியை எதிர்ப்பக்கமாக ஒதுக்கி ஒதுக்கி, தலையிலிருந்து வாலடி வரை விரலால் தேடினேன். முன்னங்கால் சந்தில் ஒரு சின்னப் பொருக்கு. வீக்கம் இல்லை, சூடு இல்லை, கருவாடும் சாப்பிட்டான். ஆனாலும் பரணிலிருந்து தக்காளி டிரேயை இறக்கி வைத்துவிட்டேன். ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி திறக்கும், கிளம்புகிறோம்.