பொருள்: உருளைக்கிழங்கு 'க்யூரிங்': வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்பர்களே,
நீலகிரி விவசாயிகளுக்கான சேமிப்புக் கையேடு வியாழன் அச்சுக்குப் போகிறது. க்யூரிங் என்பதற்கு வரைவில் 'பதப்படுத்துதல்' என்றிருக்கிறது. படிப்பவர் சிப்ஸ் போடச் சொல்கிறார்கள் என்று நினைப்பார். செயல் இதுதான்: தோண்டிய கிழங்கை இருட்டில், 15 பாகை செல்சியஸ் வாக்கில், 85–95% ஈரப்பதத்தில் 10–14 நாள் வைப்பது. மண்வெட்டி பட்ட இடத்தில் தக்கைபோலப் புதுத்தோல் கட்டும். குளிரூட்டுவது அதன் பிறகுதான்.
– மா.

> 'உலர்த்தல்' போதாதா?

போதாது ஐயா. தோண்டியதும் மேல் ஈரம் போக நிழலில் சில மணி நேரம், அவ்வளவே. காற்று வறண்டால் வெட்டுவாய் காய்ந்து வெடிக்கும், அடியில் தோல் கட்டாது. ஃபியூசேரியம் என்ற பூஞ்சையின் அழுகல் நுழைவதே அந்த வழியாகத்தான். 'உலர்த்து' என்று அச்சிட்டால் வெயிலில் பரப்பிவிடுவார்கள், கிழங்கு பச்சை பாயும், சோலனின் என்ற நச்சு ஏறும்.
என் சொல்: புண்ணாற்றல். 'தீயினாற் சுட்டபுண் உள்ளாறும்.' ஆறு தன்வினை, ஆற்று பிறவினை.
– இ.

அதே குறள் 'வடு' என்றுதானே முடிகிறது? 'வடுக்கட்டல்' எனலாம். வடு, வடிவு, வடித்தல் மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு. மாவடுவை உப்பிலிடுவதும் ஆங்கிலத்தில் க்யூரிங்தான் என்பதையும் கவனிக்க.
– செ.

வேர் ஆராய்ச்சிக்குத் தனி இழை தொடங்குங்கள், அம்மா. 'தோல் கட்டுதல்' யாருக்கும் புரியுமே?
– ப.

புரியும், ஆனால் தவறாக. அறுவடைக்கு 10–15 நாள் முன்பு தழையை வெட்டிவிட்டால் மண்ணுக்குள்ளேயே தோல் முற்றும். பெருவிரலால் அழுத்தித் தேய்த்தால் உரியாது. அது வேறு படி, அதற்குத் 'தோல் முற்றல்' என்று போட்டாயிற்று. இங்கே வேண்டியது காயத்துக்கான சொல். 'காயம் ஆற்றுதல்'?
– மா.

உருளைக்கிழங்கையும் காயத்தையும் சேர்த்து அச்சிட்டால் சமையல் குறிப்பாகிவிடும்! வெறும் 'ஆற்றுதல்' என்றாலோ காப்பி நினைவுக்கு வரும்.
– செ.

குழுவில் மற்ற நான்கு பேர் 'காயம் ஆற்றுதல்' என்கிறார்கள், அதையே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் 'க்யூரிங்' என்றும் சேர்ப்பேன். அடுத்த பக்கத்தில் ஒரு திருத்தம்: 2–4 பாகை விதைக்கிழங்குக்கு மட்டும். வறுவலுக்கான கிழங்கை அந்தக் குளிரில் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகி, எண்ணெயில் கருத்துப்போகும், அதற்கு 8–12.
– மா.

திருத்தம் சரி. சொல்லில் உடன்பாடில்லை; பதிவுக்காக எழுதுகிறேன். புண் இருக்கக் காயம் எதற்கு?
– இ.