உலர் இணைப்பு வேண்டாம், பொய்ப்பற்று என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

மின்சுற்றுப் பலகையில் பாகங்களின் கால்களை ஈயம் (சோல்டர்) உருக்கி ஒட்டுவோம். அந்த ஈயம் காலில் சரியாகப் பிடிக்காமல் போகும் பழுதுதான் 'டிரை ஜொயின்ற்'. அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நடக்கும் பேச்சை முழுதும் வாசித்தேன். உலர் இணைப்பு, மங்கல் மூட்டு, பற்றாமூட்டு என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. எனக்கு மூன்றிலும் மனம் ஒப்பவில்லை. காரணத்தைச் சொல்ல, வீட்டில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் வீடு மட்டக்களப்பில் கல்லடியில், கடலுக்குக் கிட்ட. மேல் தாங்கியில் தண்ணீர் நிரம்பியதும் மோட்டரை நிறுத்த 555 ஐசி, ஒரு திரான்சிஸ்டர், 12 வோல்ட் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஆளி) வைத்து ஒரு சிறு சுற்றுச் செய்தேன். ரிலேயைப் பழைய யுபிஎஸ் ஒன்றிலிருந்து கழற்றி எடுத்தேன். மேசையில் வைத்தால் அருமையாக வேலை செய்யும். மோட்டருக்குப் பக்கத்தில் மாட்டினால் இரண்டாம் நாள் ரிலே அடிக்காது. ஐசியை மாற்றினேன், திரான்சிஸ்டரை மாற்றினேன், மின்வழங்கியையும் மாற்றினேன். மீற்றரை, தொடர்பு இருந்தால் பீப் என்று கத்தும் நிலையில் வைத்துப் பார்த்தால் எல்லா மூட்டும் சரி என்றே கத்தும்.

கடைசியில் பலகையைத் தூக்கிக்கொண்டு, நகரில் றேடியோ திருத்தும் ஒரு அண்ணனிடம் போனேன். அவர் ஐசியைப் பார்க்கவே இல்லை. பலகையைத் திருப்பி, மின்சாரம் கொடுத்து, மீற்றரை 20 வோல்ட்டில் வைத்தார். ஒரு முனையை ரிலேயின் ஊசிக்கால் மேலும், மற்ற முனையை அதே காலின் செப்புத் திட்டு மேலும் மெல்லத் தொட்டார். இரண்டும் ஒரே மூட்டு. இடையில் பூச்சியம் காட்ட வேண்டும். காட்டியது 12 வோல்ட். "ஈயம் பத்தல்ல மனே, மேல சும்மா குந்தி இரிக்கு" என்றார்.

கண்ணாடி வைத்துப் பார்த்தேன். திட்டில் ஈயம் நன்றாகப் படர்ந்திருந்தது. ஆனால் காலைச் சுற்றி முடி அளவுக்குக் கறுப்பாக ஒரு வளையம். உப்புக்காற்றில் கறுத்துப்போன காலைச் சுரண்டாமல் நான் அப்படியே ஈயம் வைத்திருக்கிறேன். பீப் சோதனையில் மீற்றர் முனையை அழுத்தியபோது அந்த அழுத்தமே காலை ஈயத்தோடு சேர்த்துவிட்டது. அதனால்தான் அத்தனை நாளும் ஏமாந்தேன்.

சரி, இப்போது சொற்களுக்கு வருகிறேன்.

'உலர் இணைப்பு' ஆங்கிலத்தில் உள்ளதை அப்படியே பெயர்த்தது. எங்கள் கரையில் உலர்ந்திருப்பது நல்ல குணம். மாரி காலத்தில் பலகையில் ஈரம் பிடித்துவிடுமே என்றுதான் நாங்கள் பயப்படுகிறோம். புதிதாகப் பழகும் பிள்ளையிடம் "உன் இணைப்பு உலர் இணைப்பு" என்றால், நல்லது என்று எண்ணிக்கொள்ளும்.

'மங்கல் மூட்டு' பார்வையை வைத்துச் சொல்வது. 60/40 ஈயத்துக்கு, அதாவது 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு ஈயமும் கலந்த கம்பிக்கு, அது ஓரளவு பொருந்தும். அது 183 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கி, 190 பாகையை அண்மிக்கும்போது முழுதாக உருகிவிடும். நன்றாகப் பற்றினால் பளபளக்கும், ஆறும்போது அசைந்தால் மங்கிவிடும். ஆனால் இப்போது பலரும் வாங்குவது ஈயம் கலக்காத கம்பி. வெள்ளீயம், வெள்ளி, செம்பு சேர்ந்த அந்தக் கலவை உருக 217 பாகையாவது வேண்டும். நன்றாகப் பற்றினாலும் அது மங்கலாகத்தான் இருக்கும். மங்கல் என்று பெயர் வைத்தால் நல்ல மூட்டையும் பிள்ளைகள் உருக்கிக் கெடுப்பார்கள். என் ரிலே மூட்டோ பளபளவென்றே இருந்தது.

'பற்றாமூட்டு' என்று எழுதிய நண்பர் வேரைச் சரியாகப் பிடித்திருக்கிறார். பற்று என்பதுதான் கடைக்காரர் வாயில் இருக்கும் சொல். தட்டார் தொழிலிலும் அதே வேர்தான்: நகையில் இரண்டு துண்டைச் சேர்க்க வைப்பது பற்றாசு, அது பிடிக்க முதலில் இடுவது வெங்காரம். நாங்கள் பிளக்ஸ் என்பதும் அந்த வெங்காரம் செய்யும் வேலையைத்தான் செய்கிறது, உலோகத்தின் மேலுள்ள ஆக்சைட்டுப் படலத்தை அகற்றுகிறது. (யாரும் வெங்காரத்தைச் சுற்றுப்பலகையில் முயல வேண்டாம். அது உருகவே 700 பாகைக்கு மேல் வேண்டும். எங்களுக்குப் பைன் பிசினில் செய்த பிளக்ஸ் போதும்.)

ஆனால் 'பற்றா' என்றதும் காதில் முதலில் விழுவது 'பத்தாது'. பற்றாக்குறை என்ற சொல்லும் பழகிப்போனது. ஆகவே பற்றாமூட்டு என்றால் ஈயம் போதாத மூட்டு என்று விளங்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் ஈயம் வைப்பார்கள். இந்தப் பழுதுக்குச் செய்யக்கூடாத வைத்தியம் அதுதான். எவ்வளவு ஈயம் குவித்தாலும் தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு நிற்குமே தவிர, கறுத்த காலில் பற்றாது.

என் சொல் பொய்ப்பற்று.

பொய் என்றால் யாரோ வேண்டுமென்று ஏமாற்றியது போல இருக்கிறதே என்று கேட்பீர்கள். பொய்த்தல் என்ற வினையை நினைத்துப் பாருங்கள். வாவிக்கு மேற்கே வயல் நிறைந்த படுவான்கரையில் ஒரு விவசாயி "இந்த முறை மாரி பொய்த்துப் போச்சு" என்றால் மழை பொய் சொன்னது என்று யாரும் எடுப்பதில்லை. வரும் என்று நம்பி விதைத்தோம், வரவில்லை. மேகம் கூடக் கறுத்து வந்திருக்கும். விளைச்சலும் பொய்க்கும், கதிர் வந்து உள்ளே மணி இல்லாமல் இருக்கும். ஈயம் இருக்கிறது, கால் இருக்கிறது, பார்க்கப் பிடித்தது போலவும் இருக்கிறது, மின்சாரம் மட்டும் போகவில்லை. இந்தப் பழுதை இதைவிடச் சரியாகச் சொல்லும் வினை எனக்குத் தெரியவில்லை. "ரிலே கால் பொய்த்துட்டுது" என்று பேச்சிலும் சொல்லலாம்.

பற்று என்றால் ஆட்கள் ஊர்ப் பிரிவை நினைப்பார்களே என்று ஒருவர் எழுதியிருந்தார். மண்முனைப்பற்று, கோறளைப்பற்று, அக்கரைப்பற்று என்று பற்றிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். இடத்தைப் பார்த்துப் பொருளைப் பிரித்துக்கொள்வோம்.

கலைச்சொல் ஆக்குவது பேராசிரியர்களின் வேலை, கடைப்பேச்சை அதற்குள் கொண்டுவரக்கூடாது என்ற கருத்தையும் கண்டேன். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1936இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். அவர் பேராசிரியர்தான், ஆனால் அதற்கு முன்பே வகுப்பறையில் நின்று விஞ்ஞானம் படிப்பித்தவர். பிள்ளைக்கு விளங்குகிறதா என்று முகத்தைப் பார்த்துச் சொல் தேடும் வேலை அது. ஈயம் உருக்கும் அயனைக் கையில் பிடித்திருப்பவருக்கும் அதில் பங்கு உண்டு.

இந்த வேரை எடுத்தால் கூடவே வேறு சொற்களும் கிடைக்கின்றன. உருகிய ஈயம் உலோகத்தில் பரவுவதை 'நனைத்தல்' என்று பெயர்க்க வேண்டாம், படர்தல் போதும். ஈயம் படர்ந்தால் பற்று, உருண்டால் பொய்ப்பற்று. ஆறும்போது கை ஆடியதால் கெட்டது அசைபற்று. அதற்குச் சுரண்டத் தேவையில்லை, பிளக்ஸ் இட்டு மறுபடி சூடாக்கினால் போதும். பொய்ப்பற்றுக்கு அது போதாது. பழைய ஈயத்தை எடுத்து, காலைப் பிளேட்டால் சுரண்டி, பிளக்ஸ் இட்டு, அயன் நுனியைக் காலிலும் திட்டிலும் ஒன்றாக இரண்டு மூன்று விநாடி வைத்து, அதற்குப் பிறகே கம்பியைக் கொடுக்க வேண்டும். கம்பியை அயனில் உருக்கிக் கொண்டுபோய் அப்பக்கூடாது. என் ரிலேயை அப்படித்தான் திருத்தினேன். இந்த மாரி முழுதும் ஓடிவிட்டது.

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. நன்றாகப் பற்றிய மூட்டு, பல வருடம் சூடாகி ஆறிச் சூடாகி ஆறிக் காலைச் சுற்றி வட்டமாக வெடிக்கும். பழைய ரீவிகளில் பாரமான பாகங்களின் கால்களில் இதைக் காணலாம். இது ஒரு காலத்தில் மெய்யாகவே பற்றியது என்பதால் பொய்ப்பற்று என்று சொல்ல மனம் வரவில்லை. 'வெடிபற்று' என்று குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் வெடி என்றதும் பட்டாசு நினைவு வருகிறது. கல்முனை, சம்மாந்துறைப் பக்கம் திருத்தும் கடை வைத்திருப்பவர்கள் இதற்கு என்ன சொல்கிறீர்கள்?