புதுப்பிப்பு: 22 ஆண்டுகளுக்குப் பின் வீணை, கை திரும்பிவிட்டது

பள்ளிக் காலத்தில் வர்ணம் என்ற மேல்நிலைப் பாடம் வரை வாசித்தவள், இப்போது தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையே தடுமாறுகிறது, என்ன செய்வது என்று மார்ச் மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பலன் தந்தது, வாய்விட்டுப் பாடிக்கொண்டே வாசிக்கச் சொன்னவரின் யோசனை. மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசையை முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில் மட்டும் அப்படி வாசித்தேன். மூன்றாம் வாரம் ஒரு காலை, நான் நினைப்பதற்கு முன்பே இடக்கை விரல்கள் தந்திக்குக் கீழுள்ள அடுத்த மெட்டுக்கு (ஸ்வரத்துக்கான உலோகக் கட்டைக்கு) நகர்ந்தன. கண் கலங்கிவிட்டது. தாளப் பயிற்சிகளான அலங்காரங்கள் அதன்பின் தானாக வந்தன. நேராக வர்ணத்தில் தொடங்கும் வழி எனக்குச் சரிப்படவில்லை.

எதிர்பாராதது ஒன்று. முதன்மைத் தந்தியான சாரணியில் மத்தியமம் ('ம' ஸ்வரம்) மட்டும் சற்றே ஏறி ஒலித்தது. என் விரலையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில்தான் பதிந்திருக்கின்றன. வீணை கிடந்த பரணின் வெக்கையில் மெழுகு இளகி, மத்தியமத்துக்கான ஐந்தாம் மெட்டு நகர்ந்திருந்தது! புதிதாக மேளம் கட்டிய பிறகு, அதாவது மெழுகில் மெட்டுகளைச் சரியான இடத்தில் மறுபடி பதித்த பிறகு, சுருதி சேர்ந்தது. நெடுநாள் கிடந்த வீணையை எடுப்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

விரல் நுனியில் பழைய காய்ப்பு மறுபடி விழுந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொண்டால் எரிச்சல் குறைகிறது.