புதுப்பிப்பு: அப்பாவின் ஆர்-சாப் சிகிச்சை, பாதி வழியில்

சோமனூரில் விசைத்தறி ஓட்டும் என் அப்பாவுக்குப் பரவலான பெரிய பி-செல் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் உறுதியானபோது, பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் ஆர்-சாப் சிகிச்சையில் வரும் சிவப்பு மருந்து இதயத்தைப் பாதிக்குமா என்று இங்கே கேட்டிருந்தேன். அதன் தொடர்ச்சி இது.

அந்த மருந்தான டாக்ஸோரூபிசினின் பாதிப்பு, வாழ்நாளில் செலுத்தப்படும் மொத்த அளவு கூடக்கூட அதிகரிக்கும் என்பதால், முதல் சுற்றுக்கு முன்பே எக்கோ எடுத்து, இதயத்தின் செயல்திறன் போதுமென்று கண்ட பிறகே தொடங்கினார்கள். 21 நாளுக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் இப்போது பாதி முடிந்திருக்கிறது. கழுத்துக் கட்டிகள் கைக்குத் தட்டுப்படவில்லை. மருந்து ஏறிய ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போவது இரத்தமன்று, மருந்தின் நிறமே.

நாங்கள் எதிர்பாராத தொல்லை, இதே சிகிச்சையின் இன்னொரு மருந்தான வின்கிறிஸ்டினால் வந்தது. மலச்சிக்கலோடு விரல்நுனிகளும் மரத்துப் போயின. அறுந்த பாவு நூலை முடிச்சுப் போட முடியாமல், "நூல் கையில இருக்கறதே தெரியலீங்க" என்று அப்பா சொன்னதும், மருத்துவர் அதன் அளவை மட்டும் குறைத்தார். இம்மருந்து நித்தியகல்யாணியிலிருந்து கிடைப்பது என்றறிந்து, வாசலில் பூத்திருக்கும் செடியைக் கஷாயம் வைத்துக் கொடுக்கச் சொல்லும் உறவினர்களுக்கு ஒன்று: பொதுவாக ஒரு தவணைக்கு 2 மில்லிகிராமைத் தாண்டாமல் கொடுக்கப்படும் மருந்தைக் கஷாயத்தில் அளக்க வழியில்லை.

ஒவ்வொரு சுற்றிலும், இச்சிகிச்சையில் சேர்ந்த ஸ்டீராய்டு மருந்தான ப்ரெட்னிசோலோன் உண்ணும் 5 நாளும் சர்க்கரை ஏறுகிறது. அந்நாட்களில் மட்டும் இன்சுலின் போடுகிறோம்.