[கலைச்சொல்] பொம்மையின் கார், ஆனால் பொம்மைக் கார் அல்ல

அனுப்பியவர்: செ., மதுரை
வெள்ளி, இரவு 9.40

நண்பர்களுக்கு வணக்கம்.

திங்கள் காலை ஒரு அத்தியாயம் அச்சுக்குப் போயாக வேண்டும். சிறுவர் நூல். தொலைக்காட்சியில் பொம்மைகள் நடித்த தொடர்கள், அவை ஓட்டிய விசித்திர வண்டிகள் பற்றிய பகுதி. மற்றதெல்லாம் முடிந்துவிட்டது, ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

1965-ல் பிரிட்டனில் வந்த தண்டர்பேர்ட்ஸ் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஜெரி ஆண்டர்சனும் சில்வியா ஆண்டர்சனும் கம்பி கட்டிய பொம்மைகளை வைத்து எடுத்த தொடர். அதில் லேடி பெனலோபி என்கிற சீமாட்டிக்கு ஒரு ரோல்ஸ் ராய்ஸ் உண்டு. பளீரென்ற ரோஸ் நிறம், முன்னால் நான்கும் பின்னால் இரண்டுமாக ஆறு சக்கரம், தலைக்கு மேல் கண்ணாடிக் கூடு, முன்பக்கக் கிரில்லுக்குப் பின்னால் ஒளித்துவைத்த துப்பாக்கி. நம்பர் பிளேட்டில் எஃப்.ஏ.பி. 1. ஓட்டுநர் பார்க்கர் ஒரு காலத்தில் இரும்புப்பெட்டி உடைத்தவர். பொம்மைகள் உட்காருவதற்கென்றே பிளைவுட்டில் ஏழடி நீளத்துக்கு அந்தக் காரைச் செய்திருக்கிறார்கள்.

பிரச்சினை இனிமேல்தான். 1967-ல் டிங்கி கம்பெனி அதே காரைக் குழந்தைகள் விளையாடச் சின்னதாகச் செய்து விற்றது. என் வரைவில் இப்படி வந்துவிட்டது: "பெனலோபியின் பொம்மைக் காரைப் பார்த்து டிங்கி ஒரு பொம்மைக் காரைச் செய்தது; அந்தப் பொம்மைக் காருக்குள் பொம்மையான பெனலோபியின் பொம்மையும் இருந்தது." ஆசிரியர் ஓரத்தில் மூன்று கேள்விக்குறி போட்டு, "உடம்பு சரியில்லையா?" என்று எழுதி அனுப்பியிருக்கிறார்.

பொம்மைப் பாத்திரத்துக்குச் சொந்தமான வண்டி. அதற்கு ஒரு சொல் வேண்டும். அத்தியாயத் தலைப்பிலும் பொருளடைவிலும் வரும், அதனால் சின்னதாக இருந்தால் நல்லது.

---

அனுப்பியவர்: மு., திருச்சி
சனி, காலை 5.15

அன்புள்ள செ. அவர்களுக்கு,

தங்கள் இடர்ப்பாடு சொற்பஞ்சத்தால் வந்ததன்று, தொகையால் வந்தது. "பொம்மைக் கார்" என்பதைப் பொம்மையினது கார் என விரித்தால் ஆறாம் வேற்றுமைத்தொகை. பொம்மையாகிய கார் என விரித்தால் இருபெயரொட்டுப் பண்புத்தொகை. இரண்டிலும் வல்லினம் மிகும் என்பதால் எழுத்தைப் பார்த்துப் பிரித்தறிய வழியில்லை.

அதைவிட, இரண்டு சொல்லும் நம்முடையவை அல்ல. பொம்மை தெலுங்கில் பொம்ம, கன்னடத்தில் பொம்பெ. நமக்குப் பாவை இருக்கிறது. கார் என்றால் தமிழில் கருமை, மேகம், மழைக்காலம். ரோஸ் நிற வண்டியைக் கார் என்பது செம்மறியை வெள்ளாடு என்பது போல.

பட்டினப்பாலையைப் பாருங்கள்:

பொற்காற் புதல்வர் புரவியின் றுருட்டும்
முக்காற் சிறுதேர் முன்வழி விலக்கும்

முற்றத்தில் நெல் காய்கிறது. தின்ன வந்த கோழியை விரட்ட ஒருத்தி காதுக் குழையைக் கழற்றி எறிகிறாள். அது கிடந்து, சிறுவர் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேருக்கு வழி மறிக்கிறது. "புரவி இன்று" என்றால் குதிரை இல்லாமல். குதிரை இல்லாமல் ஓடுவது கார் அன்றி வேறென்ன? ஆகவே பாவைச் சிறுதேர். தங்கள் வண்டிக்கு ஆறு சக்கரம் என்பதால் அறுகாற் சிறுதேர் என்றும் சொல்லலாம்.

---

அனுப்பியவர்: இரா., சென்னை
சனி, காலை 8.02

புலவர் ஐயாவுக்கு வணக்கம். அந்தக் குழை எறிகிற காட்சிக்காகவே இந்தக் குழுவில் இருக்கிறேன். ஆனால் அறுகால் என்றால் வண்டு. புத்தகத்தில் "பெனலோபி அறுகாலில் ஏறி வந்தாள்" என்று போட்டால் அவள் வண்டின் மேல் உட்கார்ந்து வந்ததாகப் பிள்ளைகள் படம் வரைவார்கள்.

இன்னொன்று. சிறுதேர் ஆண்பாற் பிள்ளைத்தமிழில்தானே வரும்? சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்குக் கழங்கு, அம்மானை, ஊசல். பெனலோபிக்கு எப்படிச் சிறுதேர் கொடுப்பீர்கள்?

என் ஓட்டு "பொம்மையோட கார்". எழுத்து நடை வேண்டுமென்றால் பொம்மையின் கார். முடிந்தது.

---

அனுப்பியவர்: மு., திருச்சி
சனி, காலை 8.31

தேரை ஓட்டுவது பார்க்கர். அவர் ஆண்பால். ஆட்சேபம் தள்ளுபடி.

---

அனுப்பியவர்: ல., லண்டன்
சனி, பிற்பகல் 1.10

எல்லாருக்கும் வணக்கம். இதிலை எனக்கும் ஒரு பங்கு இருக்கு. 1991-ல் பிபிசி 2 இந்தத் தொடரைத் திரும்பப் போடேக்கை என்ரை மூத்தவனுக்கு ஆறு வயது. வீட்டிலை "ஓம்" எண்ட சொல்லே இல்லாமல் போச்சு. சாப்பிட வா எண்டால் "எஃப்.ஏ.பி." எண்டுதான் பதில். அந்தப் பாத்திரங்கள் சரி எண்டு சொல்லுற முறை அது.

பகிடியை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பொம்மைகளுக்கு ஏன் இவ்வளவு வாகனங்கள் என்று யாரும் கேட்கவில்லையே. அவைக்கு நடக்க வராது. கம்பியில் தொங்குகிற பொம்மை நடந்தால் கால் தரையில் பாவாமல் மிதக்கும், பார்க்கச் சிரிப்பு வரும். அதனால்தான் ஆண்டர்சன் குழு 1961-ல் சூப்பர்கார் என்ற தொடரில் நாயகனைத் தூக்கி ஒரு பறக்கும் காருக்குள் வைத்தது. உட்கார்ந்துவிட்டால் கால் தெரியாது அல்லவா. அதற்குப் பிறகு வந்த தொடர்களிலும் வாகனம்தான் முன்னுக்கு நின்றது. 1969-ல் தி சீக்ரட் சர்வீஸில் ஒரு பாதிரியாருக்குப் பழைய மாடல் டி ஃபோர்டு, அதற்குக் கேப்ரியல் என்று பெயர்.

ஆகவே சொல் தேடுகிறவர்கள் இதையும் யோசியுங்கள். அது சொகுசுக்காக வைத்த கார் இல்லை, ஊன்றுகோல்.

---

அனுப்பியவர்: மு., திருச்சி
சனி, பிற்பகல் 1.48

அம்மா, தாங்கள் கதவையே திறந்துவிட்டீர்கள்! "கடலோடா கால்வல் நெடுந்தேர்" என்ற குறளில் (496) கால் என்பது சக்கரம். முக்காற் சிறுதேரிலும் அதே. தமிழில் நடக்கும் உறுப்புக்கும் உருளும் உறுப்புக்கும் ஒரே சொல். நடக்கக் கால் இல்லாத பாவைக்கு உருளும் கால் கொடுத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இதைச் சொல்ல ஒரு பத்தி வேண்டும், நமக்கு ஒரு சொல் போதும்.

பாவைக்கால்!

---

அனுப்பியவர்: இரா., சென்னை
சனி, பிற்பகல் 1.55

பாவைக்கால் என்றால் பொம்மையின் கால், ஐயா. எந்த ஊரிலும்.

---

அனுப்பியவர்: வே., கும்பகோணம்
சனி, மாலை 6.20

வணக்கம். எங்கள் பக்கத்தில் பொம்மலாட்டம் இன்னும் கொஞ்சம் உயிரோடு இருப்பதால் ஒரு சொல். பொம்மை தெலுங்கு, வேண்டாம் என்கிறார் புலவர் ஐயா. ஆட்டுகிறவர்கள் அதைப் பொம்மை என்றுதான் சொல்கிறார்கள். ஆட்டுபவர் தலையில் வளையம் மாட்டியிருப்பார். பொம்மையின் நூல்கள் அதில் கட்டியிருக்கும், கைகளை மட்டும் கம்பியால் ஆட்டுவார். அவர் தலையை அசைத்தால் பொம்மை தலை அசைக்கும். அவரிடம் போய் "பாவை என்று சொல்லுங்கள்" என்று நான் திருத்த மாட்டேன்.

இருந்தாலும் இந்த நூலுக்குப் பாவை சரியாக வரும் என்று தோன்றுகிறது, தூய்மைக்காக அல்ல. பொம்மை என்றால் பிள்ளைகளுக்கு விளையாடுகிற பொம்மை, ஆடுகிற பொம்மை இரண்டும்தான். பாவை என்று எழுதினால் "இது வேறு" என்று நிமிர்வார்கள்.

"பாவையூர்தி" எப்படி?

---

அனுப்பியவர்: மு., திருச்சி
சனி, மாலை 7.05

பாவையூர்தி நன்று. ஐகாரத்தின் முன் யகர உடம்படுமெய், புணர்ச்சி வழு இல்லை. பாவை பெண்ணையும் குறிக்கும் என்பதால் பெனலோபிக்கு இரட்டுற மொழிதலாகவும் அமையும்.

ஆனால் கம்பியை விட்டுவிட்டீர்களே. குறள் 1020:

நாணகத் தில்லார் இயக்கம் மரப்பாவை
நாணால் உயிர்மருட்டி யற்று

கயிற்றால் ஆட்டி உயிர் உள்ளதுபோல் மயக்குவது. ஆகவே "நாணுந்து" என்பதையும் பரிசீலிக்கலாம். நாண் கூட்டி உந்து. மகிழுந்து போல.

---

அனுப்பியவர்: ல., லண்டன்
சனி, இரவு 8.30

நாணுந்து என்றால் வெட்கப்படுகிற பஸ் மாதிரி இருக்கிறது, ஐயா.

ஆனால் அந்தக் குறள் இங்கே நீங்கள் நினைத்ததைவிட நன்றாகப் பொருந்தும். தண்டர்பேர்ட்ஸ் பொம்மைகளின் கம்பி தூக்கி நிறுத்த மட்டும் அல்ல. வசனத்தை முதலிலேயே பதிவு செய்துவிடுவார்கள். அதிலிருந்து வரும் மின்துடிப்பு அந்த மெல்லிய டங்ஸ்டன் கம்பி வழியாகவே இறங்கித் தலைக்குள் இருக்கும் சின்ன மின்காந்தச் சுருளுக்குப் போகும். ஒவ்வொரு துடிப்புக்கும் கீழுதடு அசையும். அந்தக் கருவிக்கு இடம் வேண்டும் என்றுதான் உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை. பேச்சே நாண் வழியாகத்தான் வந்தது.

அதே நேரம் 1967-ல் கேப்டன் ஸ்கார்லெட் எடுத்தபோது வண்டிக்குள் உட்காரும் காட்சிகளுக்குக் கம்பியே இல்லாமல் கீழிருந்து இயக்குகிற பொம்மைகளையும் செய்தார்கள். அப்படியென்றால் காரில் இருக்கும்போதுதான் நாண் இல்லை. நாணுந்துக்குள் நாண் இல்லாவிட்டால் என்ன செய்வது?

---

அனுப்பியவர்: இரா., சென்னை
சனி, இரவு 9.12

கொஞ்சம் தடம் மாறுகிறேன், மன்னிக்கவும். அந்தக் கேப்டன் ஸ்கார்லெட்டில் ஒரு துரத்தல் வண்டி உண்டு. ஓட்டுநர் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, திரையைப் பார்த்து ஓட்டுவார். கதைக்காகச் செய்தது. 1979-ல் மப்பெட் திரைப்படத்தில் இதுவே நிஜமானது. ஃபாஸி கரடி 1951 ஸ்டூட்பேக்கரை ஓட்டுகிற காட்சிகளில் முன்சீட் முழுக்கப் பொம்மைகளும் ஆட்டுகிறவர்களும். உண்மையான டிரைவர் பின்னால் டிக்கிக்குள் சுருண்டுகொண்டு டிவி திரையைப் பார்த்து ஓட்டினார். நெடுஞ்சாலையில்!

இதைவிட நல்ல உயிர்மருட்டி கிடையாது. சொல்லுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை, தெரியும்.

---

அனுப்பியவர்: செ., மதுரை
ஞாயிறு, காலை 10.00

எல்லோருக்கும் நன்றி. இன்னும் ஒரு நாள்தான். நூலில் போஸ்ட்மேன் பேட் இருக்கிறார் (1981, சிவப்பு வேன், நம்பர் பேட் 1). நாடியும் இருக்கிறார், அவருடைய மஞ்சள் சிவப்புக் காரோடு. இந்தப் பெயரைத் தமிழில் எழுதினால் கை பிடித்துப் பார்க்கிற நாடி மாதிரி இருக்கிறது, அது தனித் தலைவலி. இவர்களுக்கு நாணும் இல்லை, கம்பியும் இல்லை. ஒவ்வொரு அசைவாக நகர்த்தி நகர்த்திப் படம் பிடித்தது. சொல் இவர்களுக்கும் பொருந்த வேண்டும்.

வே. சார், நீங்கள் பள்ளியில் இருப்பவர். பிள்ளைகளிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?

---

அனுப்பியவர்: வே., கும்பகோணம்
ஞாயிறு, பிற்பகல் 12.45

ஞாயிற்றுக்கிழமை என்பதால் தெருப் பிள்ளைகள் ஐந்து பேர்தான் கிடைத்தார்கள். படத்தைக் காட்டாமல் சொல்லை மட்டும் சொல்லி என்ன என்று கேட்டேன்.

சிறுதேர்: "சப்பரம் சார்." ஐந்து பேரும். கோயில் ஊர் இது.

பாவையூர்தி: நான்கு பேர் மௌனம். ஒரு பெண் மட்டும், "பாவை அக்கா ஓட்டுற ஸ்கூட்டியா?" என்றாள். மூன்றாம் வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறாராம்.

பாவைக்கால்: சிரித்தார்கள். காரணம் கேட்கவில்லை.

பாவைக்கார்: "பொம்மலாட்டப் பொம்மையோட காரா?" என்று ஒரு பையன் கேட்டான். பாவைக்கூத்து என்று பாடத்தில் படித்திருக்கிறானாம்.

அப்புறம் டிங்கியின் சின்னக் காரை விவரித்து, இதை என்ன சொல்வீர்கள் என்றேன். "விளையாட்டுக் கார்" என்றான் அதே பையன், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல.

---

அனுப்பியவர்: இரா., சென்னை
ஞாயிறு, பிற்பகல் 1.03

அந்தப் பையனைக் குழுவில் சேர்த்துவிடுங்கள். பெனலோபியுடையது பாவைக்கார், டிங்கியுடையது விளையாட்டுக் கார். நாம் இரண்டு நாளாக ஒரு பக்கத்துக் கயிற்றையே இழுத்துக்கொண்டிருந்தோம், முடிச்சு மறு பக்கத்தில் இருந்திருக்கிறது. பாவைக்காருக்கு என் ஓட்டு.

---

அனுப்பியவர்: ல., லண்டன்
ஞாயிறு, பிற்பகல் 2.20

எனக்கும் சம்மதம். பாவையூர்தி எழுத்தில் வடிவாக இருக்கிறது, ஆனால் பிள்ளையின் வாயில் வராது. போஸ்ட்மேன் பேட்டுக்குப் பாவை வேன் என்று போடலாம்.

---

அனுப்பியவர்: மு., திருச்சி
ஞாயிறு, மாலை 4.00

பாவையை ஏற்றமைக்கு மகிழ்ச்சி. "கார்" எனக்கு உடன்பாடில்லை. பாவைக்கார் என்றால் கரிய பாவை என்றோ, பாவையின் மழைக்காலம் என்றோ பொருள்படும். குறைந்தது "பாவை மகிழுந்து" என்றாவது ஆக்குக. சிறுதேரைச் சப்பரம் என்ற பிள்ளைகள் தவறு செய்யவில்லை. கற்பித்தால் கற்பார்கள்.

---

அனுப்பியவர்: செ., மதுரை
திங்கள், காலை 6.50

அனுப்பிவிட்டேன். தலைப்பு "பாவைக்கார்கள்". டிங்கி வாக்கியம் இப்போது இப்படி: "பெனலோபியின் பாவைக்காரை 1967-ல் டிங்கி விளையாட்டுக் காராக்கி விற்றது, உள்ளே சின்னதாக ஒரு பெனலோபியும் இருந்தாள்." ஆசிரியர் கேள்விக்குறி எதுவும் போடவில்லை. "இருந்தாள்" என்பதை "இருந்தது" என்று மாற்றலாமா என்று மட்டும் கேட்டார். பொம்மைக்கு எந்தத் திணை என்று இங்கே கேட்கப் பயந்து அப்படியே விட்டுவிட்டேன்.

ல. அக்கா சொன்ன நடக்க வராத கதையைப் பெட்டிச் செய்தியாகப் போட்டிருக்கிறேன். புலவர் ஐயாவின் கால் விளக்கமும் அதில் நான்கு வரி வருகிறது.

---

அனுப்பியவர்: மு., திருச்சி
திங்கள், காலை 7.05

நான்கு வரியில் பட்டினப்பாலை அடங்காது. இரண்டாம் பதிப்பு எப்போது? திணை பற்றித் தனி மடல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.